ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்து) ஆரம்பிச்சு உடம்பு தேறிடுச்சு, ஆனா கண்ணு மங்குது. மாத்திரைய நிறுத்தலாமா? (அக்காவுக்காக கேக்குறேன்)

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவுக்காக கேக்குறேன், வீட்டுல எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும், அதனால ஊர் பேரெல்லாம் போடல.

அக்காவுக்கு 42 வயசு, மாமா தவறி பல வருஷம் ஆச்சு. போன வருஷம் ஆடி மாசம் காய்ச்சல் விடாம அடிச்சு, வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா படிஞ்சு, ஆள் பாதியா எளைச்சு போனப்ப ஜிஹெச்ல டெஸ்ட் எடுத்து எச்.ஐ.வி.ன்னு சொன்னாங்க. எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு காட்டுற சிடி4 செல் கணக்கு வெறும் 31. அதே சமயம் வலது கண்ணுல கருப்பு கருப்பா பூச்சி பறக்குது, ஒரு ஓரம் மறைக்குதுன்னு சொன்னா, கவுன்சலர் மேடம்தான் உடனே கண்ணு காட்ட சொல்லி லெட்டர் குடுத்தாங்க. அங்க சொட்டு போட்டு கண்ண விரிய வெச்சு பாத்துட்டு சிஎம்வி ரெட்டினைட்டிஸ், அதாவது சிஎம்விங்கற வைரஸ் விழித்திரைய தாக்குற நோய்னு சொன்னாங்க. கண்ணுக்குள்ளயே வாரா வாரம் ஊசி, கூட அந்த வைரஸுக்கு வால்கான்சிக்ளோவிர் மாத்திரை, ரெண்டு வாரம் கழிச்சு ஏ.ஆர்.டி.யும் ஆரம்பிச்சாங்க. தினம் ஒரு மாத்திரை, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் சேர்ந்தது.

நல்லா தேறிட்டா. எடை ஏறிடுச்சு, மறுபடி தையல் மெஷின்ல உக்காந்துட்டா. சிடி4 100ஐ தாண்டி சில மாசம் அப்படியே நின்னதும் கண்ணு டாக்டர் பாத்து புண்ணு ஆறிடுச்சுன்னு சொல்லி சிஎம்வி மருந்த நிறுத்திட்டாங்க. கடைசியா எடுத்ததுல சிடி4 168.

இப்பதான் பிரச்சினை. கொஞ்ச நாளா அதே வலது கண்ணு மார்கழி பனிக்குள்ள பாக்குற மாதிரி மங்கலா இருக்குதாம். சிவப்பு இல்ல, வலி இல்ல. ஊசியில நூல் கோக்க முடியல, துணியில சாக்பீஸ்ல நேரா போட்ட கோடு அவளுக்கு நெளிஞ்சு தெரியுது. பெரியம்மா (அவங்களுக்கு ரத்தம் ஊற மாத்திரை சாப்பிடுறான்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்) மாத்திரை சூடுதான் கண்ண கெடுக்குது, நிறுத்திட்டு நல்லெண்ணெ வெச்சு குளி, கண்ணுக்கு தாய்ப்பால் விடுன்னு சொல்லிட்டே இருக்காங்க. அக்காவும் பயந்து போய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பிச்சிட்டா, நேத்துதான் எனக்கே தெரியும். சிடி4 கம்மியா இருந்தப்ப கண்ணு கெட்டுச்சு சரி, ஏறினப்புறமும் ஏன் கெடணும்? இந்த மாத்திரை கண்ணுக்கு ஆகாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப பயமா இருக்கு.

---

கண்ணாஸ்பத்திரி சிஸ்டர்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் படிங்க, முதல்ல அக்காவ இன்னிக்கே ஏ.ஆர்.டி.ய விடாம போட சொல்லுங்க. விட்டுப்போன நாளுக்கு சேத்து ரெண்டா போட வேணாம், வழக்கமான நேரத்துக்கு ஒண்ணு. விட்டு விட்டு போட்டதையும் ஏ.ஆர்.டி. சென்டர்ல மறைக்காம சொல்லிடுங்க, திட்ட மாட்டாங்க, அவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் அது.

ரெண்டாவது, நாளைக்கோ நாளன்னிக்கோ ரெட்டினா டாக்டர்கிட்ட காட்டணும், அடுத்த மாச விசிட் வரைக்கும் காத்திருக்க கூடாது. கோடு நெளியுதுன்னு சொல்றது முக்கியமான அடையாளம், அத டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க, பல பேர் "மங்கலா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுறாங்க. ஏ.ஆர்.டி. புக், சிடி4 ரிப்போர்ட், பழைய கண்ணு போட்டோ, ஊசி போட்ட சீட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க. சொட்டு போட்டா நாலஞ்சு மணி நேரத்துக்கு பக்கத்துல இருக்குறது தெரியாது, வெளிச்சம் கூசும், தனியா அனுப்பாதீங்க.

தாய்ப்பால், நல்லெண்ணெ, தேன் எதையும் கண்ணுல விட வேணாம். அதே மாதிரி மெடிக்கல் ஷாப்ல போய் "கண்ணு மங்கலுக்கு சொட்டு" கேட்டும் வாங்காதீங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். சில சமயம் இதுக்கு ஸ்டீராய்டுதான் வைத்தியம், ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்காம போட்டா கெட்டு போயிடும்.

---

ரெட்டினாக்காரர்:

சிஸ்டர் சொன்னதுதான் முதல்ல செய்ய வேண்டியது. நான் விழித்திரை பாக்குற டாக்டர், பாக்காம இன்னதுதான்னு சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்ற வரலாறுக்கு என் மனசுல முதல்ல வர்றது இம்யூன் ரெகவரி யுவைட்டிஸ். எதிர்ப்பு சக்தி திரும்பி வர்றப்ப கண்ணுக்குள்ள உண்டாகுற அழற்சி. உங்க "சிடி4 ஏறினப்புறமும் ஏன் கெடணும்"ங்கற கேள்விக்கு பதில் அதுக்குள்ளதான் இருக்கு, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சிஎம்வி நம்ம நாட்டுல பெரியவங்கள்ல கிட்டத்தட்ட எல்லார் உடம்புலயும் சத்தமில்லாம இருக்குற வைரஸ். எதிர்ப்பு சக்தி ஒழுங்கா இருக்குற வரைக்கும் அது வாய திறக்காது. சிடி4 50க்கு கீழ விழுந்துட்டா ரத்தம் வழியா போய் விழித்திரையில உக்காந்துக்கும், ரத்தக்குழாய ஒட்டியே வெள்ளையா, நடுநடுவுல ரத்தக்கசிவோட பரவி, போற வழியெல்லாம் விழித்திரைய கொன்னுட்டே போகும். செத்த இடம் திரும்ப வராது. வலி கிடையாது, கண்ணு சிவக்காது, ஓரத்துல ஆரம்பிச்சா ஆளுக்கே தெரியாது, அதுதான் இதுல கொடுமை.

1982ல எய்ட்ஸ்னு அந்த நோய்க்கு பேர் வெச்ச அதே வருஷம் அமெரிக்காவுல டாக்டர்கள் இந்த கண்ணு நோய பாத்து எழுதிட்டாங்க. ஏ.ஆர்.டி. வர்றதுக்கு முன்னாடி அங்க எய்ட்ஸ் வந்தவங்கள்ல சுமாரா 100க்கு 30 பேருக்கு எப்பவாவது ஒரு கட்டத்துல சிஎம்வி ரெட்டினைட்டிஸ் வந்துச்சு. சிஎம்விக்கு 1989ல கான்சிக்ளோவிர், 1991ல ஃபாஸ்கார்னெட்னு ரெண்டு மருந்து வந்துச்சு. மருந்து வேலை செஞ்சுது, ஆனா நிறுத்தினா ரெண்டு மூணு வாரத்துல நோய் திரும்பிடும், அதனால நெஞ்சுல குழாய் வெச்சு தினமும் டிரிப், ஆயுசு முழுக்க. ஆயுசுன்னு சொன்னா, கண்ணுல சிஎம்வி வந்தப்புறம் பெரும்பாலானவங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம்தான் இருந்துச்சு. அந்த ஒரு வருஷத்துலயாவது குருடாகாம இருக்கட்டும்னுதான் அன்னிக்கு கண்ணு டாக்டர்கள் போராடினாங்க. 1996ல எட்டு மாசம் மருந்து கசியுற மாதிரி ஒரு சின்ன வில்லைய ஆபரேஷன் பண்ணி கண்ணுக்குள்ளயே தைச்சு வெச்சாங்க.

அதே 1996லதான் மூணு மருந்து கூட்டா குடுக்குற ஏ.ஆர்.டி. வந்துச்சு. வந்து ரெண்டு மூணு வருஷத்துலயே, மருந்து கிடைச்ச நாடுகள்ல புதுசா சிஎம்வி ரெட்டினைட்டிஸ் வர்றது 100க்கு 80க்கும் மேல கொறைஞ்சு போச்சு. கண்ணு மருத்துவத்துல இவ்வளவு சீக்கிரமா ஒரு நோய் பின்வாங்கினது அபூர்வம், அதுவும் கண்ணுக்குன்னு குடுக்காத ஒரு மாத்திரையால. 1998ல ஃபோமிவிர்சென்னு கண்ணுக்குள்ள போடுற ஊசிக்கு அனுமதி கிடைச்சுது, ஆன்டிசென்ஸ்ங்கற வகையில உலகத்துலேயே முதல் மருந்து, எவ்வளவு உழைப்பு அதுக்குள்ள இருந்திருக்கும், ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள அத போட்டுக்க வேண்டிய நோயாளிகளே கொறைஞ்சு போயிட்டாங்க, சில வருஷத்துல விக்கறதையே நிறுத்திட்டாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம் தர்ற விஷயம் இது.

ஆனா அதே 1998ல கலிபோர்னியா சான் டியாகோவுல இருந்த டாக்டர்கள் ஒண்ண கவனிச்சு எழுதினாங்க. சிஎம்வி ஆறிப்போன, சிடி4 ஏறின ஆளுங்க சில பேருக்கு அதே கண்ணு மறுபடி மங்குது, உள்ள பாத்தா வைரஸ் எங்கயும் உசுரோட இல்ல, கண்ணுக்குள்ள இருக்குற ஜெல்லி மாதிரியான திரவம் பூரா அழற்சி செல். முன்னாடி சிடி4 31 இருந்தப்ப உங்க அக்கா உடம்புக்கு அழற்சி உண்டாக்கவே தெம்பு இல்ல. இப்ப தெம்பு வந்துடுச்சு, ஆறின தழும்புல மிச்சம் கெடக்குற வைரஸ் துணுக்க பாத்து எதிர்ப்பு செல்கள் அங்க போய் குவியுது. அதனால பார்வையோட மையத்துல நீர் கோத்து வீங்கும் (கோடு நெளியுறது பெரும்பாலும் அதனாலதான்), மேல மெல்லிசா ஜவ்வு படரும், புரை சீக்கிரம் விழும். விழித்திரையில சிஎம்வி தின்ன பரப்பு எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு இது வர்ற வாய்ப்பு ஜாஸ்தி.

ஆக உங்க அக்கா கண்ணுல இப்ப நடக்குறது, நான் நினைக்குறதாவே இருந்தா, மாத்திரை விஷமாகி நடக்குறது இல்ல, மாத்திரை வேலை செஞ்சதால நடக்குறது. வைத்தியம் இருக்கு. ஓசிடின்னு விழித்திரைய அடுக்கடுக்கா படம் புடிக்கிற ஸ்கேன்ல வீக்கம் எவ்வளவுன்னு பாப்பாங்க, ஸ்டீராய்டு சொட்டோ கண்ணு பக்கத்துல ஊசியோ, சில சமயம் வாய் வழியாவோ குடுப்பாங்க. அதுக்கு முன்னாடி பழைய புண்ணோட ஓரம் பூரா சுத்தி பாத்து, சிஎம்வி மறுபடி கிளம்பலன்னு உறுதி பண்ணியே ஆகணும். மாத்திரைய விட்டு விட்டு போட்டிருக்காங்கன்னா அந்த சந்தேகம் இன்னும் கூடுது, அதனாலதான் அத மறைக்காதீங்கன்னு சிஸ்டர் சொன்னது.

---

வைகைக்கரை:

டாக்டர் சார், சிஸ்டர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்காவுக்கு போன்ல படிச்சு காமிச்சேன், அழுதுட்டா, நேத்து ராத்திரியே மாத்திரை போட்டுட்டா. நாளைக்கு காலைல கூட்டிட்டு போறேன்.

அவ ஒரு கேள்வி கேட்டா, எனக்கும் பதில் தெரியல. எதிர்ப்பு சக்தி ஏறினதாலதான் கண்ணு வீங்குதுன்னா, கண்ணு சரியாகுற வரைக்கும் மட்டும் ஏ.ஆர்.டி.ய கொறைச்சு போட்டா என்னன்னு கேக்குறா. இன்னொரு பயம், எடது கண்ணுக்கும் வந்துடுமா?

---

ரெட்டினாக்காரர்:

கேள்வி நியாயமானதுதான், ஆனா கூடவே கூடாது. இப்ப அவங்களுக்கு தனியா சிஎம்வி மருந்து எதுவும் ஓடல இல்லயா, அப்படின்னா அந்த வைரஸ அடக்கி வெச்சிருக்குறது என்ன? ஏறின சிடி4தான். ஏ.ஆர்.டி.தான் இப்ப அவங்களுக்கு கண்ணு மருந்தும். கொறைச்சா எச்.ஐ.வி. மறுபடி பெருகும், மருந்துக்கு கட்டுப்படாத வைரஸ் உருவாகலாம், சிடி4 விழும், சிஎம்வி திரும்பும், அது எடது கண்ணுக்கும் போகலாம். வீக்கத்த ஸ்டீராய்டு வெச்சு கொறைச்சுடலாம், செத்த விழித்திரைய யாராலயும் திருப்பி தர முடியாது.

எடது கண்ணுல இதுவரைக்கும் சிஎம்வி வரலன்னா இம்யூன் ரெகவரி யுவைட்டிஸ் அதுல வர்ற வாய்ப்பு ரொம்ப கம்மி, அது பெரும்பாலும் சிஎம்வி வந்து போன கண்ணுலதான் வரும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு கண்ணுக்கும் சொட்டு போட்டு பாக்க சொல்லுங்க. அப்புறம், வலது கண்ணுல தழும்பு இருக்குற இடம் காகிதம் மாதிரி மெலிஞ்சு இருக்கும், அங்க ஓட்டை விழுந்து விழித்திரை உரிஞ்சு வரலாம். ஏ.ஆர்.டி. வந்தப்புறம் அது கொறைஞ்சிருக்கு, ஆனா இல்லாம போகல. திடீர்னு மின்னல் வெட்டுற மாதிரி வெளிச்சம், பூச்சி மழை மாதிரி கொட்டுறது, ஒரு பக்கமா திரை இறங்குறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே வரணும், ராத்திரியா இருந்தாலும்.

---

சானடோரியம் பழைய ஆள்:

தம்பி, நான் டாக்டர் இல்ல, பாசிட்டிவ் ஆளு, 1999ல எனக்கு தெரிய வந்துச்சு. உங்க அக்காகிட்ட இத வாசிச்சு காட்டுங்க.

நாட்டுலேயே முதல்ல எச்.ஐ.வி. கண்டுபிடிச்சது நம்ம சென்னையிலதான், 1986ல, டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும். ஆனா சாதாரண ஜனத்துக்கு மருந்து கைக்கு வர 2004 ஆயிடுச்சு. நடுவுல இருந்த வருஷமெல்லாம் தாம்பரம் சானடோரியத்துல போய் படுப்போம், டிபிக்கும் காய்ச்சலுக்கும் வயித்துப்போக்குக்கும் பாப்பாங்க, அங்க இருந்த நர்ஸம்மாக்கள் நம்மள தொட்டு பாத்தாங்க, அதுவே அப்ப பெருசு. மருந்து இருந்துச்சு, விலை குடுக்க முடியாது. 2001ல சிப்லா கம்பெனி வருஷத்துக்கு 350 டாலருக்கு தர்றேன்னு சொல்லி உலகமே திரும்பி பாத்துச்சு, அந்த 350கூட எங்கள்ல யாருக்கு இருந்துச்சு.

எனக்கு அடுத்த கட்டில்ல ஒருத்தர், பெயிண்ட் வேலை பாத்தவர். மத்தியானம் சாப்பாட்டு நேரம், ஜன்னல் வெயில் தட்டு மேலயே விழுது, "லைட்ட போடுங்கப்பா, ரசம் எது மோர் எதுன்னு தெரியல"ன்னார். அவர் வீட்டம்மா ஒண்ணும் சொல்லாம அவர் கைய புடிச்சு மோர் டம்ளர்ல வெச்சாங்க. அப்புறம் கொஞ்ச நாள்தான். அது சிஎம்வியா வேற எதுவுமான்னு அன்னிக்கு யாரும் உள்ள பாத்து சொல்லல, தெரிஞ்சிருந்தாலும் ஊசிக்கு பணம் இல்ல. கண்ணு போச்சுன்னா ஆளு போகப்போறார்னு எங்க வார்டுல எல்லாருக்கும் தெரியும்.

2004 ஏப்ரல் 1ஆம் தேதி கவர்மெண்ட் இலவசமா ஏ.ஆர்.டி. குடுக்க ஆரம்பிச்சாங்க, முதல்ல ஆரம்பிச்ச சில ஆஸ்பத்திரில தாம்பரமும் ஒண்ணு. அப்ப சிடி4 200க்கு கீழ இருந்தாதான் மருந்து, நான் அதுக்கு ரொம்ப கீழ. ஸ்டாவுடின் இருந்த பழைய கூட்டு, கன்னமெல்லாம் ஒட்டி போச்சு, பாதம் எரியும், ஆனா உசுரு நின்னுச்சு. கண்ணும் நின்னுச்சு. என்கூட மருந்து எடுத்த செட்ல யாருக்கும் அதுக்கப்புறம் கண்ணு போனதா நான் கேள்விப்படல. இன்னிக்கு சிடி4 எவ்வளவா இருந்தாலும் பாசிட்டிவ்னு தெரிஞ்ச உடனே மருந்து குடுத்துடணும்னு 2017ல இருந்து ரூல், அந்த 200 கணக்குக்காக வரிசையில நின்னு செத்தவங்க எத்தன பேருன்னு நினைச்சா இப்பவும் நெஞ்ச அடைக்குது.

அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க கையில இருக்குற அந்த ஒரு மாத்திரைக்காக நாங்க வருஷக்கணக்கா காத்திருந்தோம். ஒரு நாள்கூட விட வேணாம்னு சொல்லுங்க.

டாக்டர் சார்கிட்ட எனக்கும் ஒண்ணு கேக்கணும். வைரல் லோடு (ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு) இல்லவே இல்லன்னு வருது, சிடி4 600க்கு மேல. ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆயிடுச்சு, சோதனையில கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். ஆனா சாயங்காலம் ஆனா பஸ் போர்டு நம்பர் தெரியல, சாம்பல் கலர் படிக்கட்டுல எது படி எது நிழல்னு குழப்பம் வருது. டெஸ்ட் பண்ணவங்க எல்லாம் சரியா இருக்குன்னு அனுப்பிட்டாங்க.

---

ரெட்டினாக்காரர்:

ஐயா, நீங்க எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். உங்க கேள்விக்கு வர்றேன்.

உங்களுக்கு இருக்குறது கற்பனை இல்ல. அமெரிக்காவுல டக்ளஸ் ஜாப்ஸ்ங்கற டாக்டர் தலைமையில 1998ல ஆரம்பிச்சு, எய்ட்ஸ் வந்தவங்களோட கண்ண பல வருஷம் விடாம பாத்த பெரிய ஆய்வு ஒண்ணு உண்டு. ஏ.ஆர்.டி. காலத்துல கண்ணு எப்படி மாறுதுன்னு நமக்கு தெரிஞ்சதுல பெரும்பங்கு அதுல இருந்துதான் வந்துச்சு. அதுல பாத்தா, சிஎம்வி மாதிரி எந்த தொத்தும் வராத, போர்டுல நல்லா படிக்கிறவங்கள்லயும் ஒரு பகுதிக்கு மங்கல் வெளிச்சத்துல வித்தியாசம் பிரிச்சு பாக்குற திறன் கொறைஞ்சிருக்கு, பார்வை நரம்பு இழை மெலிஞ்சிருக்கு. அதுக்குன்னு தனியா பேரே வெச்சிருக்காங்க, நியூரோரெட்டினல் டிஸார்டர்னு. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிடி4 ரொம்ப கீழ இருந்த காலத்துல நடந்த சேதம், அப்புறம் உள்ளுக்குள்ள அடங்காம ஓடுற லேசான அழற்சி, ரெண்டுமே காரணமா இருக்கலாம்னு நினைக்கிறோம். கருப்பு எழுத்து வெள்ளை போர்டு டெஸ்ட்ல இது புடிபடாது, கான்ட்ராஸ்ட் டெஸ்ட்னு கேட்டு எடுங்க, நரம்பு இழைக்கு ஓசிடியும் எடுக்க சொல்லுங்க, கூடவே கிளாக்கோமா (பார்வை நரம்ப கெடுக்குற இன்னொரு நோய்) இல்லன்னும் பாத்துடணும். இதுக்கு தனி மருந்து இல்ல, ஆனா தெரிஞ்சுட்டா வீட்டு படிக்கட்டு ஓரத்துல மஞ்சள் டேப் ஒட்டலாம், சாயங்காலம் வண்டி ஓட்டாம இருக்கலாம், அதுவே பெரிய உதவி.

அதே ஆய்வுல வந்த இன்னொரு விஷயம், வயசான காலத்துல வர்ற மேக்குலா (விழித்திரையோட நடுப்பகுதி) தேய்மானம். அதோட நடுக்கட்டம் எய்ட்ஸ் வந்தவங்களுக்கு, அதே வயசுல எச்.ஐ.வி. இல்லாதவங்கள விட சுமார் நாலு மடங்கு அதிகமா இருந்துச்சு. புரையும் சீக்கிரமே வருது. சிகரெட் புடிச்சா நிறுத்துங்க, சுகரும் பிரஷரும் பாத்துக்கங்க. 1990ல எச்.ஐ.வி. பேஷண்ட் கண்ணு டாக்டர்கிட்ட வந்தா சாகுறதுக்கு முன்னாடி வர்ற நோய்க்கு வந்தாங்க. இன்னிக்கு வயசானதுக்கு வர்றாங்க. வருஷம் ஒரு தடவை சொட்டு போட்டு பாத்துக்கணும், சிடி4 நல்லா இருக்குன்னு விட்டுட வேணாம்.

---

சுடர்:

இதே திரியிலேயே கேட்டுக்குறேன். என் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி.யும் டிபியும் சேர்ந்து வந்து ரெண்டு மருந்தும் ஓடுது. ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி நடுவுல மங்குதுங்கறாரு, தக்காளி செவந்துச்சா இல்லயான்னு தெரியலங்கறாரு. இதுவும் அந்த எதிர்ப்பு சக்தி ஏறுற விஷயம்தானா? சிடி4 240 இருக்கு.

---

கண்ணாஸ்பத்திரி சிஸ்டர்:

இல்லம்மா, இது வேற மாதிரி தெரியுது, இத இன்னிக்கே கவனிக்கணும். டிபி மாத்திரையில எத்தாம்பியூட்டால்னு ஒண்ணு இருக்கு, அது சில பேருக்கு பார்வை நரம்ப தாக்கும். ரெண்டு கண்ணும் ஒண்ணா, நடுவுல மங்குறது, சிவப்பு பச்சை குழப்பம், மூணுமே அதோட அடையாளம். நம்ம நாட்டு டிபி வைத்தியத்துல இந்த மருந்து ஆறு மாசமும் ஓடும். உடனே டிபி சென்டர் டாக்டருக்கு போன் பண்ணுங்க, கண்ணுலயும் காட்டுங்க. அவங்க எத்தாம்பியூட்டால மட்டும் நிறுத்தி வேற ஏற்பாடு பண்ணுவாங்க. நீங்களா மொத்த டிபி மருந்தையும் நிறுத்திடாதீங்க, ஏ.ஆர்.டி.யும் நிறுத்தாதீங்க. சீக்கிரம் புடிச்சா பெரும்பாலும் பார்வை மெல்ல திரும்பும், தள்ளிப்போட்டா நரம்பு வெளுத்துடும், அப்புறம் கஷ்டம்.

இன்னொண்ணும் இந்த திரிய படிக்கிறவங்களுக்காக சொல்லிடுறேன். நெத்தியிலயும் கண்ணு இமையிலயும் ஒரு பக்கமா அக்கி வந்தா, ஊர்ல காவிய பூசி அக்கி எழுதிட்டு வீட்டுலயே வெச்சிருக்காங்க. எங்க ஓபிக்கு கண்ணு கருவிழி வெந்து போனப்புறம்தான் வர்றாங்க. மூக்கு நுனில கொப்புளம் வந்தா கண்ணுக்குள்ளயும் போகுதுன்னு வெச்சுக்கங்க. கொப்புளம் கிளம்பி மூணு நாளுக்குள்ள அசைக்ளோவிர் ஆரம்பிச்சாதான் முழுப்பலன். அம்பது வயசுக்கு கீழ இருக்குறவங்களுக்கு இப்படி வந்தா எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்து பாக்கறது நல்லது, எத்தனையோ பேருக்கு இதுதான் முதல் அடையாளமா இருந்திருக்கு. ஏ.ஆர்.டி. ஆரம்பிச்ச முதல் சில மாசத்துலயும் அக்கி கிளம்பலாம், அதுக்கும் மாத்திரைய நிறுத்த கூடாது.

---

வைகைக்கரை:

என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன். முதல்ல பக்கத்துல இருக்குற ஒரு தனியார் கிளினிக்குக்கு போனோம். பழைய சீட்ட பாத்ததும் கடைசியா கூப்புடுறோம்னு வெளிய உக்கார வெச்சாங்க, மத்தியானம் வரைக்கும், அப்புறம் சார் இன்னிக்கு இல்லன்னுட்டாங்க. எல்லார் முன்னாடியும் நோய் பேர சத்தமா சொன்னாங்க, அக்கா எழுந்து வெளிய போயிட்டா. அங்கயிருந்து நேரா அவளுக்கு ஊசி போட்ட பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம், அவங்க ஒண்ணும் பேசாம உள்ள கூப்பிட்டு பாத்தாங்க.

டாக்டர் சொன்னதேதான். புண்ணு முழுசா ஆறி இருக்கு, சிஎம்வி திரும்ப கிளம்பல, உள்ள அழற்சி செல் நிறைய, ஓசிடில நடுவுல நீர் கோத்த வீக்கம், எனக்கே ஸ்கிரீன்ல காமிச்சாங்க. புரையும் லேசா இருக்காம். ஸ்டீராய்டு சொட்டு ஆரம்பிச்சிருக்காங்க, கேக்கலன்னா கண்ணு பக்கத்துல ஊசி போடுவாங்களாம். ஏ.ஆர்.டி. சென்டர்லயும் சொல்லிட்டோம், வைரல் லோடுக்கு ரத்தம் எடுத்திருக்காங்க. சொட்டு நிறைய நாள் போட்டா கண்ணு பிரஷர் ஏறும்னு ஒரு சொந்தக்காரர் சொல்றாரு, உண்மையா? பெரியம்மாகிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல.

---

ரெட்டினாக்காரர்:

சிஎம்வி திரும்பலங்கறதுதான் பெரிய விஷயம், ரொம்ப சந்தோஷம். பிரஷர் ஏறலாம், உண்மைதான், அதனால ஒவ்வொரு விசிட்லயும் பிரஷர் பாக்க சொல்லுங்க, சொட்ட அவங்க சொல்ற கணக்குலதான் கொறைக்கணும், நல்லா தெரியுதேன்னு நீங்களா நிறுத்தினா வீக்கம் திரும்பும். புரை ஆபரேஷனுக்கு அவசரம் வேணாம், அழற்சி நல்லா அடங்கி சில மாசம் அமைதியா இருந்தப்புறம் பண்ணிக்கலாம். வீட்டுல ஒரு கட்டம் போட்ட நோட்டு பேப்பர சுவத்துல ஒட்டி, வாரத்துக்கு ஒரு தடவை எடது கண்ண மூடிட்டு வலது கண்ணால அத பாக்க சொல்லுங்க, கோடு நெளியுறது கூடுதா கொறையுதான்னு அவங்களுக்கே தெரியும்.

---

சானடோரியம் பழைய ஆள்:

அந்த கிளினிக்குல நடந்தது தப்பு தம்பி, சட்டப்படியே தப்பு. எச்.ஐ.வி. சட்டம் 2017ல போட்டு 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துடுச்சு, வைத்தியம் மறுக்கறதும், சம்மதம் இல்லாம நோய் பேர வெளிய சொல்றதும் அதுல தடை. 1097க்கு போன் பண்ணுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம், எங்க எப்படி புகார் குடுக்கறதுன்னு சொல்லுவாங்க. அக்காவுக்கு இப்ப வேணாம்னு தோணுச்சுன்னா விட்டுடுங்க, அவங்க முடிவு அது.

பெரியம்மாவுக்கு, கண்ணு டாக்டரே பாத்துட்டு ரத்த மாத்திரைய நிறுத்தவே கூடாதுன்னு சொல்லிட்டார்னு சொல்லுங்க. அது உண்மைதானே. கண்ணுல விடுறதுக்கு டாக்டர் குடுத்த சொட்டு இருக்கு, அத நேரத்துக்கு நேரம் விடுற வேலைய பெரியம்மாகிட்டயே குடுத்துடுங்க.